விதைக்கும் முன் பங்கு பேசு



வேலந்தாவளம் ஓர் எல்லை ஊர். ஒரு பக்கம் தமிழ்நாட்டின் கோவை மாவட்டம். மறுபக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ். சர்க்கார் ஆபீசில் மலையாளம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். அரசியல் பேச்சும் மாறிவிடும்.

கோவைப் பக்கம் இருந்து ஒரு மாமா இங்கே விருந்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்பார்:

"உங்க பக்கம் எந்தக் கட்சி மாப்பிள்ளை ஆட்சிக்கு வரும்?"

மாப்பிள்ளை ஒரு கட்சியின் பெயரைச் சொல்ல மாட்டார். "எல்.டி.எஃப். வரும், இல்லாட்டி யு.டி.எஃப். வரும்" என்பார்.

"அது கட்சியா?"

"இல்லீங்க மாமா. அது முன்னணி. அதுக்குள்ளே பத்துக் கட்சி இருக்கு."

"பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டினா வண்டி எங்கே போய்ச் சேரும்?"

மாமா கேட்டது நல்ல கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

கூட்டு வெள்ளாமை

கூட்டு வெள்ளாமை எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரிடம் நிலம் இருக்கிறது. ஒருவரிடம் மாடு இருக்கிறது. ஒருவரிடம் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. தனித்தனியாக நின்றால் யாருக்கும் விளைச்சல் இல்லை. மூவரும் சேர்ந்தால் காடு விளையும்.

ஆனால் புத்தியுள்ள குடியானவர் ஒரு காரியம் செய்வார். விதைக்கும் முன்பே பங்கைப் பேசிக்கொள்வார். யாருக்கு எத்தனை மூட்டை? உரச் செலவு யாருடையது? மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு? இதெல்லாம் முதலிலேயே பேசி முடித்துவிடுவார். பேசாமல் விதைத்தவர்கள் களத்தில் சண்டை போடுவார்கள். நெல் மழையில் நனையும்.

கூட்டணி ஆட்சியும் கூட்டு வெள்ளாமைதான். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே நிலம் கட்சிகளுக்குச் சொந்தம் இல்லை. மக்களுக்குச் சொந்தம். ஆகவே பங்குப் பேச்சு மக்களுக்குத் தெரிய வேண்டும். அதுவும் ஓட்டுப் போடும் முன்பே தெரிய வேண்டும்.

கேரளம் இந்தப் பாடத்தைப் பல முறை அடிபட்டுக் கற்றது.

71 என்ற எண்

முதலில் கணக்கைப் பார்ப்போம். கேரள சட்டசபைக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 140 பேர். பாதி 70. பாதிக்கு மேல் ஒருவர் வேண்டும். ஆக 71 பேர் யார் பக்கமோ, ஆட்சி அவர்கள் பக்கம்.

தேர்தல் முடிவு வந்ததும் என்ன நடக்கும்?

வென்ற முன்னணியின் உறுப்பினர்கள் கூடுவார்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கூட்டாளிக் கட்சிகள் "இவருக்கு எங்கள் ஆதரவு உண்டு" என்று தெரிவிக்கும். அந்தத் தலைவர் கவர்னரிடம் போவார். கவர்னர் அவரை முதலமைச்சராக நியமிப்பார். மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் சொற்படி கவர்னர் நியமிப்பார். எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள். அரசியல் சட்டத்தின் 164-வது பிரிவு இதைச் சொல்கிறது.

"உனக்கு 71 பேர் இருக்கிறார்களா?" என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? சட்டசபையிலேயே ஓட்டெடுத்துப் பார்க்க வேண்டும். கவர்னர் மாளிகையில் எண்ணக் கூடாது. 1994-ல் உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது.

அமைச்சர்கள் எத்தனை பேர் இருக்கலாம்? இதற்கும் வரம்பு உண்டு. 2003-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டசபை உறுப்பினர் எண்ணிக்கையில் 100-க்கு 15 பேருக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 140-க்குக் கணக்குப் போட்டால் 21 வரும். முதலமைச்சரும் அந்த 21-க்குள் அடக்கம்.

இலையில் 21 இட்டலி. பந்தியில் பத்துக் கட்சி. பங்கு போடுவது எளிதா?

ஆரம்ப காலம்

1956 நவம்பர் 1-ல் கேரள மாநிலம் பிறந்தது. 1957-ல் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அப்போது இடங்கள் 126. பாதிக்கு மேல் என்றால் 64 வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 60. கட்சி ஆதரித்த சுயேச்சைகள் 5 பேர் வென்றிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து 65. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சர் ஆனார்.

சுயேச்சைகளுக்கும் அமைச்சரவையில் இடம் கிடைத்தது. பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பேர் பெற்றவர். ஆக, முதல் ஆட்சியே தனிக் கட்சியின் பலத்தால் மட்டும் நிற்கவில்லை.

அந்த ஆட்சிக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தது. சட்டசபையில் பலம் இருந்தது. இருந்தும் 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது.

1960-ல் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் ஆகியவை சேர்ந்து நின்றன. காங்கிரசுக்கு 63 இடம். பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 20 இடம். முதலமைச்சர் யார் தெரியுமா? 20 இடம் பெற்ற கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளை! முஸ்லிம் லீகுக்கு அமைச்சர் பதவி தரவில்லை. சபாநாயகர் பதவி தந்தார்கள்.

இப்படி இழுத்துப் பிடித்த கூட்டு நீடிக்கவில்லை. 1962-ல் பட்டம் தாணுப் பிள்ளை பஞ்சாபுக்குக் கவர்னராகப் போனார். காங்கிரசின் ஆர். சங்கர் முதலமைச்சர் ஆனார். பிரஜா சோஷலிஸ்டுகள் விலகினார்கள். 1964 செப்டம்பரில் காங்கிரஸ் உறுப்பினர்கள் 15 பேர் எதிர்த்து நின்றார்கள். சங்கர் ஆட்சி விழுந்தது. பிரிந்தவர்கள் கேரள காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கினார்கள்.

1965 தேர்தலில் யாருக்கும் பாதி இடம் வரவில்லை. 133 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரசுக்கு 36. யாரோடு யார் சேர்வது என்று முடிவாகவில்லை. மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஆனால் அந்தச் சட்டசபை ஒரு நாள்கூடக் கூடவில்லை. அப்படியே கலைக்கப்பட்டது.

மக்கள் போட்ட ஓட்டு வீணாகப் போனதைப் போல ஒரு நட்டம் உண்டா?

ஏழு கட்சி முன்னணி

அந்த நட்டத்தில் இருந்து கட்சிகள் பாடம் படித்தன. 1967-ல் ஏழு கட்சிகள் தேர்தலுக்கு முன்பே சேர்ந்தன. மார்க்சிஸ்ட், கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், ஆர்.எஸ்.பி. ஆகியவை அதில் இருந்தன. மேலும் மூன்று கட்சிகளும் இருந்தன. 133 இடங்களில் 117 இடங்களை முன்னணி வென்றது. காங்கிரசுக்கு 9 இடம்தான். இ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சர் ஆனார்.

117 பேர் இருந்தால் ஐந்து வருடம் அசையாமல் நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. இரண்டரை ஆண்டு முடிந்ததும் விழுந்தது. எதிர்க்கட்சி தள்ளவில்லை. உள்ளேயே சண்டை வந்தது. அமைச்சர்கள் மேல் ஊழல் புகார்கள் எழுந்தன. யார் மேல் விசாரணை வைப்பது என்பதிலேயே கூட்டாளிகள் பிரிந்தார்கள். 1969 அக்டோபரில் இ.எம்.எஸ். விலகினார்.

தலைகள் அதிகம் இருந்தால் மட்டும் போதாது என்பது அப்போது தெரிந்தது. மனம் ஒத்துப்போக வேண்டும். சண்டை வந்தால் தீர்த்துக்கொள்ள வழி வேண்டும்.

ஆனால் அந்த இரண்டரை ஆண்டு வீண் அல்ல. விழும் முன் சட்டசபை ஒரு பெரிய சட்டத்தை நிறைவேற்றியது. அது நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம். அடுத்து சி. அச்சுத மேனன் முதலமைச்சர் ஆனார். அவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அவர் ஆட்சியில் 1970 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

குத்தகைக்கு உழுதவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்றது அந்தச் சட்டம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கும் உரிமை வந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாகப் பெறலாம். "எழுந்து போ" என்ற சொல்லுக்குப் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் அதனால் காலூன்றி நின்றன.

ஒரு கூட்டணி சட்டம் போட்டது. இன்னொரு கூட்டணி நடைமுறைப்படுத்தியது. ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. கூட்டணி ஆட்சியால் ஒன்றும் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் 10 சென்ட் நிலமே பதில்.

அச்சுத மேனன் ஆட்சி 1970 தேர்தலிலும் வென்றது. காங்கிரஸ் முதலில் வெளியில் இருந்து ஆதரித்தது. 1971-ல் அமைச்சரவையில் சேர்ந்தது. கேரளத்தில் முழுக் காலமும் நின்ற முதல் ஆட்சி அதுதான். நெருக்கடி நிலை காரணமாக 1977 வரை அது நீடித்தது.

ஒரே சபை, நான்கு முதலமைச்சர்

1977-ல் அதே முன்னணி 140-ல் 111 இடம் வென்றது. ஆனால் ஒரே சட்டசபைக் காலத்தில் நான்கு முதலமைச்சர்கள் வந்தார்கள்.

முதலில் கே. கருணாகரன். ராஜன் வழக்கு காரணமாக ஒரே மாதத்தில் விலகினார். அடுத்து ஏ.கே. அந்தோணி. சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியைத் தம் கட்சி ஆதரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் விலகினார். சிக்மகளூர் இருப்பது கர்நாடகத்தில்! அங்கே அடித்த காற்றில் இங்கே மரம் சாய்ந்தது. மூன்றாவது பி.கே. வாசுதேவன் நாயர். ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தார். நான்காவது முஸ்லிம் லீகின் சி.எச். முகமது கோயா. இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

1980-ல் இடதுசாரி ஜனநாயக முன்னணி வென்றது. ஊர்வழக்கில் எல்.டி.எஃப். என்பது இதுதான். இ.கே. நாயனார் முதலமைச்சர் ஆனார். அப்போது அந்தோணியின் காங்கிரசும் மாணியின் கேரள காங்கிரசும் அந்த முன்னணியில் இருந்தன. 1981 அக்டோபரில் அவர்கள் விலகினார்கள். ஆட்சி விழுந்தது.

பிறகு கருணாகரன் ஆட்சி அமைத்தார். அந்தக் கதை கேட்க வேண்டிய கதை.

சபையில் இரண்டு பக்கமும் ஓட்டுச் சமமாக நின்றது. அப்படி நின்றால் சபாநாயகர் ஓட்டுப் போடலாம். மற்ற நேரம் போடக் கூடாது. அப்போது சபாநாயகராக இருந்தவர் ஏ.சி. ஜோஸ். அவர் ஒரு முறை அல்ல, பல முறை தம் ஓட்டைப் போட்டு ஆட்சியைக் காப்பாற்றினார். ஒற்றைக் கம்பு ஊன்றி நிறுத்திய பந்தல் அது. 1982 மார்ச்சில் லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே உறுப்பினர் ஆதரவை விலக்கினார். கம்பு சாய்ந்தது. பந்தல் விழுந்தது. அந்த ஆட்சி 80 நாள்கூட நிற்கவில்லை.

1982-க்குப் பின் என்ன மாறியது?

1982-ல் இரண்டு பெரிய முன்னணிகள் நேருக்கு நேர் நின்றன. ஒன்று எல்.டி.எஃப். மற்றொன்று ஐக்கிய ஜனநாயக முன்னணி, அதாவது யு.டி.எஃப். யு.டி.எஃப். 77 இடம் வென்றது. எல்.டி.எஃப். 63. கருணாகரன் ஆட்சி இந்த முறை முழுக் காலமும் நின்றது.

1982 முதல் 2016 வரை எட்டுத் தேர்தல்கள் நடந்தன. அவற்றில் அமைந்த முன்னணி ஆட்சி எதுவும் கூட்டாளி காலை வாரியதால் விழவில்லை. நடுவில் முதலமைச்சர் மாறியது உண்டு. ஆனால் முன்னணி மாறவில்லை.

என்ன காரணம்?

ஒன்று, கட்சிகள் தேர்தலுக்கு முன்பே முன்னணியாக மக்கள் முன் நிற்கப் பழகின. எந்தத் தொகுதி யாருக்கு என்று முன்பே பங்கு பேசின. தேர்தல் அறிக்கையை முன்னணியின் பேரில் வெளியிட்டன. மக்களும் முன்னணியைப் பார்த்தே ஓட்டுப் போடப் பழகினார்கள். முன்னணியை நடுவில் உடைத்தவருக்கு அடுத்த தேர்தலில் மக்கள் முகத்தில் விழிக்கப் பயம் வந்தது.

இரண்டு, சட்டம் இறுகியது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. ஒரு கட்சியின் பேரில் வென்றவர் வேறு கட்சிக்குத் தாவினால் பதவி போகும். 2003-ல் அந்தச் சட்டம் மேலும் இறுகியது.

மூன்று, சண்டை தீர்க்க ஓர் இடம் உண்டானது. கட்சிகளின் தலைவர்கள் முன்னணிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். கோபித்துக்கொள்வார்கள். வெளியே வந்து பேட்டியும் கொடுப்பார்கள். மறுபடியும் போய் உட்காருவார்கள்.

2011-ஐப் பாருங்கள். யு.டி.எஃப். 72, எல்.டி.எஃப். 68. காங்கிரஸ் 38, முஸ்லிம் லீக் 20, மாணியின் கேரள காங்கிரஸ் 9, சோஷலிஸ்ட் ஜனதா 2, ஒற்றை உறுப்பினர் கட்சிகள் மூன்று. கூட்டினால் 72. தேவைக்கு மேல் ஒரே ஒருவர்! முஸ்லிம் லீக் ஐந்தாவது அமைச்சர் வேண்டும் என்றது. காங்கிரசுக்குள் எதிர்ப்பு வந்தது. பல மாதம் பேச்சு நடந்தது. 2012 ஏப்ரலில் ஐந்தாவது அமைச்சர் பதவி தரப்பட்டது. சண்டை நடந்தது, ஆட்சி விழவில்லை. உம்மன் சாண்டி ஐந்து வருடமும் முதலமைச்சராக இருந்தார்.

1967-ல் 117 பேரைக் கொண்ட ஆட்சி விழுந்தது. 2011-ல் 72 பேரைக் கொண்ட ஆட்சி நின்றது. இந்த இரண்டு எண்களையும் மறக்க வேண்டாம். கயிறு தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. முடிச்சும் சரியாக இருக்க வேண்டும்.

பங்கு போட்ட விதம்

இனி 21 இட்டலியை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று பார்ப்போம். 2021 தேர்தலில் எல்.டி.எஃப். 99 இடம் வென்றது. யு.டி.எஃப். 41. மே 20-ல் பினராயி விஜயன் தலைமையில் 21 பேர் பதவி ஏற்றார்கள். பங்கு இது:

மார்க்சிஸ்ட் கட்சி: 12 பேர் (முதலமைச்சரையும் சேர்த்து)
கம்யூனிஸ்ட் கட்சி: 4 பேர்
மாணியின் கேரள காங்கிரஸ்: ஒருவர்
மதச்சார்பற்ற ஜனதா தளம்: ஒருவர்
தேசியவாத காங்கிரஸ்: ஒருவர்
இந்திய தேசிய லீக்: ஒருவர்
ஜனாதிபத்ய கேரள காங்கிரஸ்: ஒருவர்

கூட்டிப் பாருங்கள். 21 வரும்.

பதவி அமைச்சர் பதவி மட்டும் அல்ல. சபாநாயகர் மார்க்சிஸ்ட் கட்சிக்கு. துணைச் சபாநாயகர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு. தலைமைக் கொறடா மாணியின் கேரள காங்கிரசுக்கு.

இன்னும் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே உறுப்பினர். அவர்களுக்கு என்ன வழி? வாய்க்காலில் மடை மாற்றுவது தெரியும் அல்லவா? முதல் முறை ஒருவர் வயலுக்கு, அடுத்த முறை இன்னொருவர் வயலுக்கு. அதே போல முறை வைத்தார்கள். முதல் இரண்டரை வருடம் இந்திய தேசிய லீகுக்கும் ஜனாதிபத்ய கேரள காங்கிரசுக்கும். 2023 டிசம்பரில் அவர்கள் இறங்கினார்கள். காங்கிரஸ் எஸ் கட்சியின் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் கேரள காங்கிரஸ் பி கட்சியின் கே.பி. கணேஷ்குமாரும் ஏறினார்கள். இந்த முறை 2021-லேயே பேசி அறிவிக்கப்பட்டது. ஆகவே மடையில் மண்வெட்டிச் சண்டை இல்லை.

எல்லாச் சிறிய கட்சிக்கும் பங்கு கிடைத்ததா? இல்லை. ஓர் உறுப்பினர் கொண்ட இன்னொரு கட்சிக்கு அமைச்சர் பதவி கிடைக்கவில்லை. லோக்தாந்திரிக் ஜனதா தளம் அது. மனக்குறை இருந்தது. பந்தியில் எல்லோர் வயிறும் நிறைவதில்லை.

சித்தூர் கதை

இனி சொந்த ஊர்ப் பக்கம் வருவோம். சித்தூர் தொகுதியில் 2016-லும் 2021-லும் வென்றவர் கே. கிருஷ்ணன்குட்டி. மதச்சார்பற்ற ஜனதா தளத்தைச் சேர்ந்தவர். 2016-ல் அந்தக் கட்சிக்குச் சட்டசபையில் 3 பேர். 2021-ல் 2 பேர். இருந்தும் இரண்டு முறையும் ஓர் அமைச்சர் பதவி கிடைத்தது. 2018 நவம்பரில் கிருஷ்ணன்குட்டி நீர்வளத் துறை அமைச்சர் ஆனார். 2021-ல் மின்சாரத் துறை அமைச்சர் ஆனார்.

சித்தூர் தாலுகாவில் தண்ணீர்தான் உயிர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கையெழுத்தானது. அதன்படி வருடத்துக்கு 725 கோடி கன அடித் தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். தண்ணீர் வரும் காலத்தை எதிர்பார்த்துத்தான் இங்கே நாற்று விடுகிறார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டிய துறை, சித்தூர் உறுப்பினர் கைக்கு வந்தது. அதுவும் மூன்றே பேர் கொண்ட கட்சியின் மூலம்.

கூட்டணியின் நல்ல பக்கம் இது. சிறிய கட்சியும் சிறிய ஊரும் மந்திரி சபைக்குள் குரல் கொடுக்க வழி கிடைக்கிறது. இடுக்கி மாவட்டம் தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜா 2021-ல் சட்டசபையில் தமிழிலேயே உறுதிமொழி எடுத்தார். அவர் பெரிய கட்சியைச் சேர்ந்தவர். பெரிய கட்சி வழியாகவும் சிறிய கட்சி வழியாகவும் எல்லைத் தமிழரின் குரல் சபைக்குப் போயிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 2023 செப்டம்பரில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் தேசியத் தலைமை பாரதிய ஜனதா கட்சியோடு கூட்டு வைத்தது. கேரளத்துக் கிளையோ இடதுசாரி முன்னணியில் இருந்தது! டில்லியில் ஒரு கூட்டு. திருவனந்தபுரத்தில் அதற்கு எதிர்க் கூட்டு. கேரளத்துத் தலைவர்கள் "தேசியத் தலைமையின் முடிவு எங்களைக் கட்டாது, இடதுசாரி முன்னணியில்தான் இருப்போம்" என்ற நிலையை எடுத்தார்கள். அமைச்சரும் பதவியில் தொடர்ந்தார். எதிர்க்கட்சிகள் இதைக் கேள்வி கேட்டன.

ஓட்டுப் போட்டவர் இடத்தில் நின்று பாருங்கள். அவர் 2021-ல் ஒரு சின்னத்தில் பொத்தானை அழுத்தினார். அது ஒரு முன்னணிக்குப் போட்ட ஓட்டு. இரண்டு வருடம் கழித்து அதே சின்னம் டில்லியில் எதிர் அணியில் நிற்கிறது. விதைக்கும்போது பேசாத பேச்சு இது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

மற்ற இடங்களில் எப்படி?

தமிழ்நாட்டில் கட்சிகள் பெரும்பாலும் கூட்டணியாகத்தான் தேர்தலில் நிற்கும். ஆனால் 2006, 2011, 2016, 2021 தேர்தல்களுக்குப் பின் அமைந்த அமைச்சரவைகளில் ஒரே கட்சிதான் இருந்தது. 2006-ல் தி.மு.க. 234-ல் 96 இடம்தான் பெற்றது. 118 வேண்டும். காங்கிரசும் மற்றக் கூட்டாளிகளும் வெளியில் இருந்து ஆதரித்தன. மு. கருணாநிதி ஆட்சி ஐந்து வருடமும் நடந்தது. மாமாவுக்குப் பத்துக் கட்சி வண்டி வியப்பாக இருந்தது இதனால்தான்.

வெளிநாட்டிலும் கூட்டணி உண்டு. பெல்ஜியம் நாட்டில் 2010 ஜூனில் தேர்தல் நடந்தது. பங்குப் பேச்சு முடிந்து ஆட்சி அமைய 541 நாள் ஆனது. ஜெர்மனியில் கட்சிகள் ஒப்பந்தத்தை எழுதி, அச்சடித்து, மக்கள் பார்க்க வெளியிடுகின்றன. 2021-ல் மூன்று கட்சிகள் எழுதிய ஒப்பந்தம் 170 பக்கத்துக்கு மேல் இருந்தது. அப்படி எழுதியும் 2024 நவம்பரில் அந்தக் கூட்டு முறிந்தது. எழுதி வைத்தால் சண்டையே வராது என்று இல்லை. ஆனால் யார் சொல் தவறினார் என்று மக்கள் அச்சடித்த தாளைப் பார்த்துக் கேட்கலாம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்

தேர்தல் வரும். பஞ்சாயத்துக்கு வரும். சட்டசபைக்கு வரும். நாடாளுமன்றத்துக்கு வரும். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்வி கேளுங்கள்.

உங்கள் கட்சி எந்த முன்னணியில் இருக்கிறது? தேர்தலுக்குப் பிறகும் அதில்தான் இருக்குமா?

முன்னணியின் தேர்தல் அறிக்கையில் எங்கள் ஊருக்கு, எங்கள் தண்ணீருக்கு, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது? அந்தத் தாளைக் காட்டுங்கள்.

முன்னணிக்குள் கருத்து வேறுபட்டால் யார் பக்கம் நிற்பீர்கள்? பதவிக்காக நிற்பீர்களா, அறிக்கைக்காக நிற்பீர்களா?

அணி மாற வேண்டி வந்தால், எங்களிடம் வந்து கேட்டுவிட்டு மாறுவீர்களா?

முன்பெல்லாம் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள். யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். படிப்பு பேருந்தின் போர்டு பார்க்க மட்டும் அல்ல. பங்குப் பத்திரம் பார்க்கவும்தான்.

திண்ணையில் உட்கார்ந்த மாமாவுக்கு இப்போது மாப்பிள்ளை பதில் சொல்லலாம்:

"மாமா, பத்துப் பேர் ஓட்டினாலும் வண்டி ஊர் போய்ச் சேரும். எந்த ஊருக்குன்னு புறப்படும் முன்னே பேசியிருக்கணும். வண்டி நம்முடையதுன்னு நாம ஞாபகம் வச்சிருக்கணும். அவ்வளவுதான்."

எண்ணிப் பார்க்க

1. கேரள சட்டசபையில் ஆட்சி அமைக்க எத்தனை உறுப்பினர்கள் வேண்டும்? ஏன்?

2. 1965-ல் தேர்ந்தெடுத்த சட்டசபை ஏன் கூடவில்லை?

3. 117 பேர் இருந்த ஆட்சி விழுந்தது. 72 பேர் இருந்த ஆட்சி நின்றது. காரணம் என்ன?

4. உங்கள் பஞ்சாயத்தில் எந்தெந்தக் கட்சிகள் சேர்ந்து நிர்வாகம் நடத்துகின்றன? தேர்தலுக்கு முன்பே சேர்ந்தனவா, பின்பு சேர்ந்தனவா? விசாரித்து எழுதுங்கள்.